மறுமாற்றமும் வழக்குரையும்: சாக்ரடீசின் மன்றப் பேச்சை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரத்து முறைமன்றத்தில், எழுபது வயது நிரம்பிய சாக்ரடீஸ் தம்மீது சாட்டப்பெற்ற குற்றங்களுக்கு மறுமொழி கூறினார். அம்மறுமொழியை அவர்தம் மாணவர் பிளேட்டோ எழுத்தில் வடித்தார். 'அப்பாலஜி' என ஆங்கிலத்தின் வழியே நாம் அறிந்துள்ள அந்நூல், தம் வாழ்க்கைநெறிக்காக மன்றத்தில் நின்ற ஒருவரின் குரலாக இன்றுவரை பயிலப்பட்டு வருகிறது. இந்திய விடுதலைப் போராட்ட வரலாற்றை எழுதுவோர் திலகரின் 1908ஆம் ஆண்டு நீதிமன்றப் பேச்சையும் காந்தியின் 1922ஆம் ஆண்டு வாக்குமூலத்தையும் இந்நூலோடு ஒப்பவைத்துப் போற்றுவதுண்டு. பக்தி இலக்கியம் பயில்வோர்க்கு, பல்லவ மன்னனின் ஆணைக்கு அப்பர் தந்த மறுப்பு நினைவில் எழும்.

இவ்வொப்பீடுகள் பெரும்பாலும் அஞ்சாமை என்னும் ஒரு பண்பின்மீதே கட்டப்படுகின்றன. அஞ்சாமை இவர்கள் எல்லார்க்கும் பொது. ஆயின் இப்பேச்சுகள் அமைப்பாலும் நோக்காலும் ஒன்றல்ல. அவை வேறுபடும் இடத்தை இனங்காண்பதும், அவ்வேறுபாட்டை நாம் மறந்ததால் நேர்ந்துள்ள இழப்பைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். இதற்குத் தமிழ் மரபு தரும் இரு சொற்களே கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

இரு சொற்கள்

'அப்போலொகியா' என்னும் கிரேக்கச் சொல் வருத்தம் தெரிவித்தலையோ மன்னிப்பு வேண்டலையோ குறிப்பதன்று. 'அப்போ' என்பது அகல, திரும்ப என்னும் பொருளையும், 'லோகோஸ்' என்பது சொல் என்னும் பொருளையும் தரும். குற்றச்சாட்டுக்கு எதிராகத் திருப்பிச் சொல்லும் சொல் என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் இச்சொல் பின்னாளில் மன்னிப்பு வேண்டும் பொருளில் வழங்கத் தொடங்கியமையால், நூற்பெயரை அறிந்து நூலை அறியாதோரிடம் தவறான எண்ணம் எழுகிறது. சாக்ரடீஸ் அம்மன்றத்தில் செய்ய மறுத்த செயலையே நூலின் பெயர் இன்று குறிப்பதாக ஆகிவிட்டது.

இதற்கு நேரான சொல் தமிழில் முன்னரே உள்ளது. ஆறாம் திருமுறையில், பல்லவ மன்னன் விடுத்த அழைப்புக்கு மறுமொழியாக அப்பர் பாடியதாகக் கருதப்படும் பதிகம் 'மறுமாற்றத் திருத்தாண்டகம்' என்று பெயர் பெறும். 'மாற்றம்' என்பது பழந்தமிழில் சொல்லைக் குறிக்கும். ஆகவே மறுமாற்றம் என்பது திரும்பச் சொல்லும் சொல். கிரேக்கச் சொல்லின் அமைப்பும் தமிழ்ச் சொல்லின் அமைப்பும் இவ்வளவு நெருங்கியிருப்பது வியப்புக்குரியது. இன்றைய வழக்கில் மாற்றம் என்பது மாறுதலைக் குறிப்பதால் இச்சொல்லின் பழம்பொருள் நம் செவிக்கு எட்டுவதில்லை. தம்மை மாற்றிக்கொள்ள மறுத்தவரின் சொல்லுக்கே இப்பெயர் வாய்த்துள்ளது.

மற்றொரு சொல் 'வழக்குரை'. சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் இருபதாவதாக அமையும் காதைக்கு வழக்குரை காதை என்பது பெயர். அங்கே கண்ணகி தன் வாழ்க்கைநெறியை விளக்கவில்லை. அவள் மெய்ப்பிப்பது ஒரு செய்தியை. கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்தும் தன் சிலம்பில் மாணிக்கமும் இருந்தன என்னும் உண்மை, சிலம்பு உடைபட்ட அளவில் அவையிலேயே நிறுவப்படுகிறது. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்திலும் இவ்வகைப் பேச்சைக் காணலாம். திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் ஒருவர் ஓலையைக் காட்டி வழக்காடுகிறார். கிழிக்கப்பட்டது படியோலை எனவும் மூல ஓலை வேறு உளது எனவும் வாதம் செல்கிறது. எழுத்து ஒப்புநோக்கப்படுகிறது. சான்றும், சான்றின்மீதான ஆராய்ச்சியும் வழக்குரையின் உயிர்.

இவ்விரண்டையும் பின்வருமாறு வரையறுத்துக்கொள்ளலாம். மன்றம் ஏற்றுள்ள அளவைகளைக் கொண்டே, சாட்டப்பட்ட குற்றம் பொருந்தாது என்று நிறுவுவது வழக்குரை. குற்றம் எனப்படுவதே என் வாழ்வு, அதனை விடுதற்கில்லை என்று அறிவிப்பது மறுமாற்றம். முன்னது மன்றத்தின் அறிவை நோக்கியது. பின்னது மன்றத்தின் அதிகார எல்லையை நோக்கியது. ஒரு பேச்சு எப்போது மறுமாற்றமாகிறது என்பதற்கு உறுதியான அடையாளம் ஒன்றுண்டு. 'இதனை விட்டுவிடு, நாங்கள் உன்னை விட்டுவிடுகிறோம்' என்னும் நிபந்தனை முன்வைக்கப்படும் இடத்தில் பேசுபவர் என்ன செய்கிறார் என்பதே அவ்வடையாளம்.

சாக்ரடீசின் பேச்சில் இரண்டும்

மெலிட்டஸ், அனைட்டஸ், லைகோன் ஆகிய மூவர் சாக்ரடீஸ்மீது குற்றம் சாட்டினர். நகரத்துத் தெய்வங்களை ஏற்காமை, புதிய தெய்வத்தன்மைகளைப் புகுத்தல், இளைஞரைக் கெடுத்தல் என்பன குற்றங்கள். பிளேட்டோவின் நூல் மூன்று பகுதிகளாக அமைகிறது: தீர்ப்புக்கு முந்தைய பேச்சு, தண்டனை குறித்த பேச்சு, தண்டனை அறிவிக்கப்பட்ட பின்னைய பேச்சு.

முதற்பகுதியின் கணிசமான அளவு வழக்குரையே என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும். சாக்ரடீஸ் தம்மைப் பற்றிய பழைய அவதூறுகளையும் புதிய குற்றச்சாட்டையும் பிரித்துக் காட்டுகிறார். கி.மு. 423இல் அரங்கேறிய அரிஸ்டோபனீசின் 'மேகங்கள்' என்னும் நகைச்சுவை நாடகம் தம்மைப் பொய்யாகச் சித்திரித்ததைச் சுட்டுகிறார். மெலிட்டசை எதிரில் நிறுத்தி வினவுகிறார். சாக்ரடீஸ் எத்தெய்வத்தையும் நம்பாதவர் என்று மெலிட்டஸ் வாய்விட, புதிய தெய்வத்தன்மைகளைப் புகுத்தினார் என்னும் அவரது குற்றச்சாட்டோடு அது முரண்படுவதை வெளிப்படுத்துகிறார். இது தேர்ந்த குறுக்கு விசாரணை. இதனைச் செய்தவர் இறப்பை நாடிச் சென்றவராகத் தோன்றவில்லை. செனபோன் எழுதிய மற்றொரு பதிவு, முதுமைத் துன்பத்தினும் இறப்பே மேல் எனக் கருதிச் சாக்ரடீஸ் இவ்வாறு பேசினார் என்று விளக்குகிறது. பிளேட்டோவின் பனுவலில் அவ்விளக்கத்துக்கு இடம் குறைவு.

வழக்குரை மறுமாற்றமாக மாறும் இடம் அதே முதற்பகுதியில் உள்ளது. மெய்ப்பொருள் தேடும் உசாவலைக் கைவிட்டால் விடுதலை தருகிறோம் என்று மன்றம் கூறுமாயின் தாம் என்ன சொல்வார் என்பதைச் சாக்ரடீஸ் தாமே கற்பனை செய்கிறார். எவரும் அந்நிபந்தனையை அவர்க்கு முன்வைக்கவில்லை. அவரே அதனை எழுப்பி அவரே மறுக்கிறார். மூச்சுள்ள வரை நகர மக்களை வினவுவதை நிறுத்துவதற்கில்லை என்னும் கருத்து அங்கே வெளிப்படுகிறது. இவ்விடத்தில் குற்றம் பொருந்துமா என்னும் ஆராய்ச்சி பின்னே செல்ல, வாழ்க்கைநெறி முன்னே வருகிறது.

இரண்டாம் பகுதி மறுமாற்றத்தின் உச்சம். குற்றவாளி என்று தீர்ப்பான பின், ஏதென்ஸ் வழக்கப்படி மாற்றுத் தண்டனையை அவரே முன்மொழிய வேண்டும். முப்பது வாக்குகள் இடம்மாறியிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும் என்று அவரே வியக்கிறார். அந்நிலையில், நாடுகடத்தலை முன்மொழிந்திருந்தால் உயிர் பிழைத்திருக்கக்கூடும். அவரோ, நகரத்துக்கு நன்மை செய்தவன் என்னும் முறையில் பொதுமண்டபத்தில் உணவளித்துச் சிறப்பிப்பதே தமக்குத் தக்கது என்கிறார். பின்னர், நண்பர்கள் பிணைநிற்க, முப்பது மினா தண்டத்தொகைக்கு இசைகிறார். பணத்தை இழப்பது நெறியை இழப்பதன்று என்பதால் இவ்விசைவு முரண்பாடாகாது. நிபந்தனைகளுள் எதை ஏற்கலாம், எதை ஏற்கலாகாது என்னும் எல்லை இங்கே துல்லியமாக வரையப்படுகிறது.

விளிச்சொல்லைக் கொண்டும் இம்மாறுதலை அறியலாம். பேச்சு முழுவதும் மன்றத்தினரை 'ஏதென்ஸ் மக்களே' என்றே அழைத்துவந்த சாக்ரடீஸ், இறுதிப் பகுதியில் தமக்குச் சார்பாக வாக்களித்தோரை மட்டுமே 'நடுவர்களே' என்று விளிக்கிறார். அப்பெயர் அவர்களுக்கே தகும் என்று காரணமும் கூறுகிறார். வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியனை விளிக்கும் முறையும் இத்தகையது. ஆராயும் தகுதி மன்னனுக்கு இல்லை என்பதை அவளது முதல் விளியே அறிவித்துவிடுகிறது. தீர்ப்பளிப்போரின் பட்டத்தை வழங்குவதும் பறிப்பதும் இரு பனுவல்களிலும் குறையிரப்போர் கையில் உள்ளன.

அப்பர்: மன்றத்தை ஏற்காத மறுமாற்றம்

சேக்கிழார் கூறும் வரலாற்றில் அப்பர்மீதான குற்றம், சமண சமயத்தில் தருமசேனராக விளங்கியவர் சைவத்துக்குத் திரும்பியது. மன்னனின் அமைச்சர்கள் அழைக்க வந்தபோது அவர் மறுக்கிறார். மறுமாற்றம் மன்னனின் அவையில் கூறப்படவில்லை, அவைக்கு வர மறுக்கும் சொல்லாகவே அமைகிறது என்பது கவனத்துக்குரியது. பின்னர் அமைச்சர்கள் வேண்டியதற்கிணங்கியே அவர் செல்கிறார். அங்கு நீற்றறை, நஞ்சு கலந்த பாலடிசில், யானை, கல்லில் பிணித்துக் கடலில் இடுதல் எனத் தண்டனைகள் தொடர்கின்றன. அப்பர் ஓரிடத்தும் குற்றத்தை மறுத்து வாதிடவில்லை. வழக்குரை இங்கு அறவே இல்லை.

சாக்ரடீசும் அப்பரும் நஞ்சால் இணைவதைக் காட்டிலும் மன்றம் பற்றிய நிலைப்பாட்டால் பிரிவதே பொருளுடையது. அப்பர் மன்னனின் அதிகார எல்லையைத் தம்மளவில் ஏற்கவில்லை. அவர் குடிமையுரிமை வேறோர் அரசில் உள்ளது. சாக்ரடீசோ தம் நகரத்தின் சட்டத்துக்கு உட்பட்டவர். சிறையிலிருந்து தப்பிச்செல்ல நண்பர் கிரிட்டோ அழைத்தபோதும் அவர் மறுத்ததைப் பிளேட்டோவின் மற்றொரு உரையாடல் கூறுகிறது. ஒருவர்க்கு இறைவன் துணைநின்று நஞ்சு அமுதாகிறது. மற்றவர்க்கு நஞ்சு நஞ்சாகவே வேலை செய்கிறது. காப்பாற்றப்படுவோம் என்னும் உறுதியின்றிப் பேசப்பட்டது என்பது சாக்ரடீசின் பேச்சுக்குத் தனி எடையைத் தருகிறது.

இரு பனுவல்களுக்கும் பொதுவான குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டியோரின் பேச்சு இரண்டிலும் முழுமையாகப் பதிவாகவில்லை. மெலிட்டசின் குரலைச் சாக்ரடீசின் வினாக்களுக்கு அவர் தரும் சில விடைகளிலேயே கேட்கிறோம். சமணர் தரப்பைச் சைவப் பெருங்காப்பியத்தின் வழியாகவே அறிகிறோம். ஏழாம் நூற்றாண்டு நிகழ்வைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய சேக்கிழாரிடம் மறுதரப்பின் நியாயத்தை எதிர்பார்க்க இயலாது. வென்ற நினைவின் பதிவாகவே மறுமாற்றம் நம்மை வந்தடைகிறது என்னும் எச்சரிக்கை ஆய்வாளர்க்குத் தேவை.

திலகர்: நெடிய வழக்குரை, குறுகிய மறுமாற்றம்

புனே நகரின் தென்மேற்கே, மூத்தா ஆற்றின் குறுக்கே அமைந்த கடக்வாஸ்லா அணையைக் கடந்தால் சிங்ககட் கோட்டை தோன்றும். அக்கோட்டையின்மீது பாலகங்காதர திலகருக்கு ஒரு வீடு இருந்தது. காந்தியும் 1920இல் உடல்நலம் கருதி அக்கோட்டையில் தங்கியிருந்தார். இந்திய மன்றப் பேச்சுகளுள் மிகுதியாகப் பேசப்படும் இரண்டுக்கும் உரியோர் புனேயோடு தொடர்புடையோர். திலகரின் 'கேசரி' இதழ் புனேயிலிருந்து வெளிவந்தது. காந்தி 1922 முதல் 1924 வரை சிறையிருந்த எரவாடா இந்நகரைச் சார்ந்தது. ஆயினும் இருவர் பேச்சும் ஒரே வகையின அல்ல.

திலகர்மீது 1897இல் தொடுக்கப்பட்ட முதல் அரசத்துரோக வழக்கு இலக்கிய மாணவர் அறிய வேண்டியது. கேசரியில் வெளிவந்த சிவாஜி பற்றிய எழுத்துகள், குறிப்பாகச் சிவாஜியே பேசுவதாக அமைந்த ஒரு கவிதை, குற்றத்துக்குச் சான்றாக்கப்பட்டன. கவிதையில் பேசும் பாத்திரத்தின் கூற்று இதழாசிரியரின் கூற்றாகுமா என்னும் வினா மன்றத்தில் எழுந்தது. ஜூரியினர் ஆறுக்கு மூன்று என்னும் கணக்கில் பிரிந்து குற்றவாளி என்றனர். பதினெட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது.

இவ்வழக்கின்போது மன்னிப்புக் கேட்டுவிடுமாறு நண்பர் சிலர் திலகரை வற்புறுத்தினர். மக்களிடையே தம் நிலை தம் ஒழுக்கத்தையே சார்ந்தது என்னும் கருத்துப்பட எழுதி அவர் மறுத்தார். மறுமாற்றத்தின் அடையாளமாகிய நிபந்தனை மறுப்பு இங்கே உள்ளது. ஆனால் 1898 செப்டம்பரில் தண்டனைக்காலம் முடியுமுன் அவர் விடுவிக்கப்பட்டபோது அவ்விடுதலை நிபந்தனைகளோடு கூடியதாக இருந்தது. அவற்றை ஏற்றே அவர் வெளிவந்தார். இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே ஆய்வு நேர்மை. சாக்ரடீஸ் தண்டத்தொகைக்கு இசைந்தது போலத் திலகரும் எல்லை ஒன்றை வகுத்துக்கொண்டார் எனலாம். ஆயின் அரசுக்கெதிரான உணர்வைத் தூண்டும் பேச்சும் எழுத்தும் கூடா என்னும் நிபந்தனை பணத்தைப் போன்றதன்று. அது நெறியைத் தொடுவது. எனவே இவ்விடத்தில் திலகர் சாக்ரடீசிலிருந்து விலகுகிறார். பத்தாண்டுகளுக்குப் பின் அவர் மீண்டும் அதே பிரிவின்கீழ் மன்றத்தில் நின்றது, அந்நிபந்தனை அவர் எழுத்தைக் கட்டிவைக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

1908 ஏப்ரல் 30இல் முசாபர்பூரில் குண்டு வீசப்பட்டதைத் தொடர்ந்து கேசரி எழுதிய தலையங்கங்களுக்காகத் திலகர் ஜூன் 24இல் கைதுசெய்யப்பட்டார். ஜூலை 13 முதல் 22 வரை பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி தாவர் முன் வழக்கு நடந்தது. இத்தாவரே 1897இல் திலகருக்காக வாதாடிய வழக்கறிஞருள் ஒருவர். திலகர் தம் வழக்கைத் தாமே நடத்தினார். பல நாள்களாகத் தொடர்ந்த அவரது பேச்சு இருபத்தொரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. ஏதென்சில் நீர்க்கடிகை அளந்து தந்த நேரத்துக்குள், ஒரே நாளில், சாக்ரடீஸ் பேசி முடித்ததை இதனோடு ஒப்பிடலாம்.

அந்நெடிய பேச்சின் பெரும்பகுதி மொழி பற்றியது என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது. குற்றம் மராத்தியில் எழுதப்பட்டது. விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது. ஜூரியினர் ஒன்பதின்மருள் எழுவர் ஐரோப்பியர், இருவர் பார்சிகள். மூலத்தைப் படிக்கும் வாய்ப்பற்றோர் மொழிபெயர்ப்பைக் கொண்டே நோக்கத்தை அளந்தனர். திலகர் அரசுத் தரப்பு மொழிபெயர்ப்பாளரைக் குறுக்கு விசாரணை செய்தார். மராத்திச் சொற்களுக்கு இடப்பட்ட ஆங்கிலச் சொற்கள் மூலத்தில் இல்லாத வெம்மையை ஏற்றுகின்றன என்று காட்டினார். ஒரு கட்டுரையைத் தனித்தெடுத்துப் படிக்கலாகாது, அது எவ்விவாதத்துக்கு விடையாக எழுந்ததோ அச்சூழலில் வைத்தே படிக்க வேண்டும் என்று வாதிட்டார். ஆங்கில நாட்டு வழக்குகளை எடுத்துக்காட்டி, ஜூரியினரே பத்திரிகை உரிமையின் காவலர் என்று நினைவூட்டினார்.

சாக்ரடீஸ் தம் பேச்சின் தொடக்கத்தில், மன்றமொழி தமக்கு அயல்மொழி போன்றது எனவும் அயல்நாட்டான் ஒருவன் தன் வட்டார வழக்கில் பேசினால் பொறுத்துக்கொள்வதுபோல் தம்மையும் பொறுக்க வேண்டும் எனவும் கேட்டுக்கொள்கிறார். அங்கு உவமையாக நின்றது பம்பாயில் மெய்ந்நிகழ்வாயிற்று. தம் தாய்மொழிச் சொல்லின் பொருளை அயல்மொழியில், அம்மொழியாரிடமே ஒருவர் நிறுவ வேண்டியிருந்தது. சொற்பொருள், சூழல், கூற்று, நோக்கம் ஆகியன நாம் வகுப்பறையில் கையாளும் உரையியற் கருவிகள். அவற்றைக் கொண்டு ஒருவர் தம் விடுதலைக்காக வாதிட்ட பனுவல் இது.

ஏழுக்கு இரண்டு என்னும் கணக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. தண்டனை விதிக்கப்படுமுன் சொல்வது ஏதும் உண்டா என வினவப்பட்டபோது திலகர் சில தொடர்களே பேசினார். ஜூரியின் முடிவு எதுவாயினும் தாம் குற்றமற்றவர்; உலகை ஆளும் உயர்ந்த ஆற்றல்கள் உள; தாம் விடுதலையாக இருப்பதினும் துன்புறுவதால் தம் கொள்கை சிறக்கும் என்பது இறைவன் திருவுளமாக இருக்கலாம் என்பது அதன் சாரம். தம்முள்ளிருந்து தடுக்கும் தெய்வக்குறி அன்று தம்மைத் தடுக்காமையால் நேர்ந்தது நன்மையாகவே இருக்கக்கூடும் என்று சாக்ரடீஸ் இறுதிப் பகுதியில் கூறுவதோடு இது நெருங்கிய ஒப்புமை உடையது. இருபத்தொரு மணி நேர வழக்குரைக்குப் பின் வந்த ஒரு நிமிட மறுமாற்றம் அது. ஆறாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றுத் திலகர் மாண்டலே சென்றார்.

காந்தி: வழக்குரையைத் துறந்த மறுமாற்றம்

அதே 1908இல் தென்னாப்பிரிக்காவில் மற்றொன்று நிகழ்ந்தது. சனவரியில் முதன்முறை சிறைசென்று மீண்ட காந்தி, பிளேட்டோவின் நூலைக் குசராத்தியில் சுருக்கி, ஏப்ரல், மே மாதங்களில் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் தொடராக வெளியிட்டார். சத்தியவீரன் ஒருவனின் கதை என்னும் பொருளில் அதற்குப் பெயரிட்டார். தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியும் கொண்டிருந்த அவ்விதழில் 1906இல் அப்பகுதி நிறுத்தப்பட்டிருந்தது. எனவே தென்னாப்பிரிக்கத் தமிழர்க்கு அவ்விதழின் வழியே சாக்ரடீஸ் தம் மொழியில் கிட்டவில்லை. குசராத்தி வெளியீட்டைப் பம்பாய் அரசு 1910இல் தடைசெய்தது. 1919 ஏப்ரல் 6இல் காந்தி பம்பாயில் வெளிப்படையாக விற்ற தடைநூல்களுள் இதுவும் ஒன்று. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட மன்றப் பேச்சு ஒன்று, மொழிபெயர்ப்பில் மீண்டும் குற்றமாயிற்று.

காந்தி தந்த தலைப்பே ஒரு திறனாய்வு. மெய்ப்பொருள் அறிஞர் வீரராகிறார், உசாவல் போராட்டமாகிறது. சாக்ரடீசின் வினாத்தொடுக்கும் இயல்பைவிட அவரது உறுதிப்பாடே அங்கு முதன்மை பெறுகிறது. வழக்குரைக்கூறு பின்தள்ளப்பட்டு மறுமாற்றக்கூறு முன்கொணரப்படுகிறது.

அகமதாபாத்தில் 1922 மார்ச் 18இல் நீதிபதி புரூம்ஃபீல்டு முன் நின்றபோது காந்தி இந்நிலையை அதன் எல்லைக்குக் கொண்டுசென்றார். 'யங் இந்தியா'வில் எழுதிய மூன்று கட்டுரைகளுக்காக அதே 124அ பிரிவின்கீழ் வழக்கு. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வாதம் ஏதும் செய்யவில்லை. சட்டம் தீயதெனின் நீதிபதி பதவி விலகலாம், நல்லதெனின் மிகக் கடிய தண்டனையை வழங்கலாம் என்றார். பொதுமண்டபத்தில் உணவு கேட்ட சாக்ரடீசின் மாற்று முன்மொழிவைத் தலைகீழாக்கிய வடிவம் இது. முன்னவர் மிகப் பெரிய சிறப்பைக் கேட்டார், பின்னவர் மிகப் பெரிய தண்டனையைக் கேட்டார். இருவரும் இடைப்பட்ட எதையும் கேட்க மறுத்தனர். நீதிபதி திலகரின் வழக்கை முன்மாதிரியாகச் சுட்டி ஆறாண்டு விதித்தார்.

காந்தியின் நிலைப்பாடு அப்பரையும் சாக்ரடீசையும் இணைப்பது. சட்டத்தின் அறத்தகுதியை மறுப்பதில் அவர் அப்பரைப் போன்றவர். சட்டம் தரும் தண்டனையை ஏற்பதில் சாக்ரடீசைப் போன்றவர்.

பனுவல் என்னும் மறுவிசாரணை

கோவலன் மன்றத்தில் நிறுத்தப்படவில்லை. பொற்கொல்லனின் சொல்லே போதுமானதாயிற்று. அவன் பேசாத வழக்குரையை அவன் இறந்தபின் கண்ணகி பேசினாள். சாக்ரடீஸ் பேசிய பேச்சை அவர் இறந்தபின் பிளேட்டோ எழுதினார். இரண்டும் முடிந்துபோன வழக்கை மீண்டும் திறப்பவை. இலக்கியம் இவ்வகையில் மேல்முறையீட்டு மன்றமாகச் செயற்படுகிறது. திலகர் தண்டனை பெற்ற ஜூலை 22க்குப் பதினைந்து நாள் முன்பு, 1908 ஜூலை 7இல், திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. எனினும் வ.உ.சி. தம் வரலாற்றைச் செய்யுளில் எழுதி, அவ்வழக்கைத் தமிழ் வாசகர் முன் மீண்டும் வைத்தார். அச்சுயசரிதை அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின் 1946இல் நூலாயிற்று.

திலகரின் வழக்குக்கு மறுவிசாரணை கல்லில் நிகழ்ந்தது. அவர் தண்டிக்கப்பட்ட பம்பாய் உயர் நீதிமன்றத்திலேயே அவரது இறுதிச் சொற்கள் பொறித்த பலகையை 1956இல் முதன்மை நீதிபதி எம்.சி. சக்லா திறந்துவைத்தார். அரிய நிகழ்வு அது. ஆயின் பலகையில் இடம்பெற்றது மறுமாற்றம் மட்டுமே. வழக்குரை இடம்பெறவில்லை. இருபத்தொரு மணி நேர வாதம் கல்லில் அடங்காது என்பது உண்மை. நம் நினைவிலும் பாடத்திட்டத்திலும் அது அடங்காமற் போனதற்கு அக்காரணம் போதாது.

இவ்விடுபாட்டின் விளைவு சிறிதன்று. பலகை திறக்கப்பட்டபோது திலகரைத் தண்டித்த பிரிவு நடைமுறையில் இருந்தது. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு செல்லும் என்றது. ஆனால் வன்முறையையோ பொது ஒழுங்கின் குலைவையோ தூண்டும் சொற்களுக்கு மட்டுமே அது பொருந்தும் எனச் சுருக்கிப் பொருள்கொண்டது. அரசைக் கடிந்து எழுதுவது வேறு, கலகம் தூண்டும் நோக்கம் வேறு என்று 1908இல் திலகர் மன்றாடியதன் சாயல் இதில் உண்டு. சட்டத்தின் பொருளை அசைக்க வல்லது, யாரும் கல்லில் பொறிக்காத அவ்வகை வாதமே. 2022 மே 11இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவின் செயற்பாட்டை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதன் 152ஆம் பிரிவு குறித்து இன்றும் இதே வினாக்கள் எழுப்பப்படுகின்றன. எழுத்தின் நோக்கத்தை எவ்வாறு அளப்பது, மூலமொழி அறியாதோர் எவ்வாறு தீர்ப்பது என்னும் வினாக்கள் பழையனவாகிவிடவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. பிளேட்டோவின் நூற்பெயர்க்கு 'மறுமாற்றம்' என்னும் தமிழ்ச் சொல் அமைப்பாலும் பொருளாலும் பொருந்துவது. மன்றப் பேச்சுகளை வழக்குரை, மறுமாற்றம் என இருவகைப்படுத்தலாம். நிபந்தனையை எதிர்கொள்ளும் முறையே இரண்டையும் பிரிக்கும் எல்லை. கண்ணகியின் பேச்சு வழக்குரை. அப்பரின் சொல்லும் காந்தியின் வாக்குமூலமும் மறுமாற்றம். திலகரிடம் வழக்குரை நெடிதாகவும் மறுமாற்றம் குறுகியதாகவும் அமைய, சாக்ரடீசிடம் இரண்டும் ஒன்றினுள் ஒன்றாகப் பிணைந்துள்ளன.

அப்பிணைப்பே சாக்ரடீசின் பேச்சுக்குரிய தனித்தன்மை. வாதத்தால் வெல்ல முயன்ற பின்னரே அவர் வாழ்வை முன்வைத்தார். பின்வந்தோர் அவரிடமிருந்து வாழ்வை எடுத்துக்கொண்டு வாதத்தை விட்டனர். மறுமாற்றத்தை மட்டும் போற்றும் சமூகம் துன்புற்றோர்க்குச் சிலையெடுக்கும். அவர்களைத் துன்புறுத்திய சட்டத்தை அப்படியே விட்டுவைக்கும். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியிராவிடில் பாண்டியன் தன் பிழையை உணர்ந்திருக்க மாட்டான். வீரத்துக்கு முன் அங்கே ஒரு சான்று இருந்தது. சொற்பொருளையும் சூழலையும் ஆராயும் பயிற்சி பெற்ற தமிழ்த் துறைகள், திலகரின் வழக்குப் பதிவையும் அதுபோன்ற பிற மன்றப் பனுவல்களையும் உரைநடை இலக்கியத்தின் ஒரு பகுதியாகக் கொண்டு பயிலுதல் வேண்டும். கல்லில் ஏறாத அச்சொற்களுக்கு வாசகரே நடுவர்.